வைட்டமின் டி மாத்திரை இதயத்தைக் காக்குமா?

வைட்டமின் டி பெரும்பாலும் தட்டிலிருந்து வருவதல்ல, தோலில் விளைவது. சூரிய ஒளியிலுள்ள யுவி-பி என்னும் புற ஊதாக் கதிர் மேல்தோலில் பட்டதும், அங்கிருக்கும் 7-டிஹைட்ரோகொலஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருள் வைட்டமின் டி-3 ஆக மாறுகிறது. அது ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய் ஒரு மாற்றமும், சிறுநீரகத்துக்குப் போய் இன்னொரு மாற்றமும் அடைந்த பிறகுதான் வேலைக்குத் தயாராகிறது. இந்தக் கடைசி வடிவம் உண்மையில் ஒரு ஹார்மோன். குடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்சி எலும்புக்குத் தருவது இதன் முதல் வேலை. ரத்தப் பரிசோதனையில் அளப்பது கல்லீரலில் உருவாகும் இடைநிலை வடிவத்தைத்தான். அது இரண்டு மூன்று வாரம் ரத்தத்தில் தங்குவதால், ஒருவரின் உடலில் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்பதை ஓரளவு நம்பகமாகக் காட்டும்.

கதிர் கிடைப்பதைப் பொறுத்தவரை மதுரைச் சமவெளிக்கு எந்தக் குறையும் இல்லை. மதுரையை அடுத்த மேலூர் ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்தில் ஒருமுறையும் ஆவணியில் ஒருமுறையும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்துவிடும். சூரியன் மிகத் தாழ்ந்து போகிற மார்கழி நண்பகலில்கூட, மேலூரில் நிற்பவரின் நிழல் அவர் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். நிழல் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் யுவி-பி போதுமான அளவு தரையை எட்டுகிறது என்பது மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவுகோல். லண்டனிலும் பாஸ்டனிலும் குளிர்காலம் முழுக்க வைட்டமின் டி உருவாகவே உருவாகாது. மேலூரில் அப்படி ஒரு மாதம்கூட இல்லை.

இருந்தும் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் ரத்தத்தை எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் குறைபாடு தென்பட்டுக்கொண்டே இருக்கிறது. இந்த விஷயத்தில் தென்னிந்தியாவுக்கு மிகவும் பயன்பட்ட வேலை திருப்பதியில் நடந்தது. அங்குள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகத்தில் சி.வி.ஹரிநாராயண் குழுவினர், வயலில் காலையிலிருந்து மாலைவரை வேலை செய்யும் கிராமத்து மக்களையும் நகரவாசிகளையும் ஒப்பிட்டார்கள். 2007-ல் வெளியான முடிவின்படி, கிராமத்து ஆண்களுக்குச் சராசரியாக ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 24 நானோகிராம், கிராமத்துப் பெண்களுக்கு 19. நகரத்து ஆண்களுக்குச் சுமார் 18, நகரத்துப் பெண்களுக்கு 15. வெயிலில் வேலை செய்வோருக்கு அதிகம் என்பது எதிர்பார்த்ததுதான். கவனிக்க வேண்டியது, இரண்டு இடத்திலும் பெண்கள் பின்தங்கியிருப்பது.

அதற்குக் காரணம் தேட மேலூர்ப் பக்கத்து வயலுக்குப் போனாலே போதும். பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் நாற்று நடும் பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டையை முழுக்கையோடு மாட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வயலில் இறங்குகிறார்கள். வெயில் பொசுக்காமலிருக்க அதுதான் வழி. கதிர் படுவதற்கு முகத்தையும் விரல்களையும் தவிர எதுவும் மிஞ்சுவதில்லை. ஜவுளிக்கடையில் நிற்பவருக்கும் வங்கியில் உட்காருபவருக்கும் கதை வேறு. காலை ஒன்பதுக்கு முன் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருகிறார்கள். கண்ணாடிச் சன்னல் வழியே விழும் வெயில் கணக்கில் சேராது, சாதாரணக் கண்ணாடி யுவி-பி-யைத் தடுத்துவிடும். கறுத்த தோலில் மெலனின் அதிகம், அது கதிரை உறிஞ்சிக்கொள்வதால் அதே அளவு வைட்டமின் உருவாக வெள்ளைத் தோலைவிட அதிக நேரம் தேவைப்படும்.

இன்னொரு காரணம் ஒரு தப்பான நம்பிக்கை. காலை இளவெயிலில்தான் வைட்டமின் டி கிடைக்கும் என்று பத்திரிகைகளும் வாட்ஸ்அப்பும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. ஆறரை மணிக்கு நடந்து ஏழரைக்குத் திரும்புகிறவர் அதை நம்பித்தான் மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கிறார். அந்த நேரத்தில் சூரியன் சாய்ந்திருப்பதால் கதிர் காற்றுமண்டலத்தின் நீண்ட பாதையைக் கடந்து வருகிறது, யுவி-பி வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறது. ஹரிநாராயண் குழு தோலில் உள்ள அதே வேதிப்பொருளைக் குப்பியில் அடைத்துத் திருப்பதி வெயிலில் மணிக்கணக்கில் வைத்துப் பார்த்தது. மாற்றம் நன்றாக நடந்தது காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை. மேலூரில் நிழல் உயரத்தைவிடக் குறுகத் தொடங்குவது பருவத்துக்கேற்பக் காலை ஒன்பதே காலிலிருந்து பத்தே காலுக்குள். காலை நடை இதயத்துக்கு நல்லது, அதில் சந்தேகமே இல்லை. வைட்டமின் டி-க்கு மட்டும் அது உதவாது.

எவ்வளவு இருந்தால் போதும் என்பதில் நிபுணர்களிடையே ஒரு வழக்கே நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்க மருத்துவக் கழகம் 2010-ல் 20 நானோகிராம் இருந்தாலே கிட்டத்தட்ட எல்லோருக்கும் எலும்புக்குப் போதும் என்றது. அடுத்த ஆண்டே அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் சங்கம் 30 வேண்டும் என்றது. ஆய்வகங்கள் பெரும்பாலும் இரண்டாவது எண்ணையே அச்சடித்தன. ஆரோக்கியமாக நடமாடும் ஒருவர் 24 என்ற எண்ணைப் பார்த்துத் தன்னை நோயாளியாக எண்ணிக்கொள்வது இப்படித்தான் நேர்ந்தது. 2024-ல் அதே சங்கம் தன் பழைய 30 என்ற இலக்கைக் கைவிட்டது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமான வைட்டமின் டி பரிசோதனை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. ஆய்வகச் சீட்டுகளில் அந்த 30 மட்டும் இன்னும் பல இடங்களில் இருக்கிறது.

எலும்பைப் பற்றிய இந்தக் கதைக்குள் இதயமும் சர்க்கரையும் எப்படி வந்தன? 1980-ல் வைட்டமின் டி இல்லாத எலிகளின் கணையம் இன்சுலினைச் சரியாகச் சுரப்பதில்லை என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். 1981-ல் ராபர்ட் ஸ்கிராக் என்ற தொற்றுநோயியல் நிபுணர், குளிர்காலத்தில் மாரடைப்பு மரணம் கூடுவதற்கு வெயில் குறைவதும், அதனால் வைட்டமின் டி குறைவதும் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். இதயத் தசையிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் கணையத்திலும் வைட்டமின் டி-யைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருப்பது பின்னர் தெரிந்தது. 2002-ல் அந்த ஏற்பி இல்லாமல் பிறந்த எலிகளுக்கு ரெனின் என்ற பொருள் எகிறி ரத்த அழுத்தம் கூடியதைக் காட்டினார்கள். ஆகவே ஊகம் வெறும் ஊகமாக நிற்கவில்லை, உடலியல் அதற்குத் துணை நின்றது.

பெரிய பரபரப்பு 2008-ல். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் பல தலைமுறைகளாகத் தொடரும் ஆய்வில், அதுவரை இதயநோய் இல்லாத 1,739 பேரைச் சராசரியாக ஐந்தரை ஆண்டு கவனித்தார்கள். வைட்டமின் டி 15 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம். ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு உள்ளவர்களிடம் அது இரட்டிப்பானது. அடுத்த பத்தாண்டில் நாடு நாடாக இதே போன்ற முடிவுகள் வந்து குவிந்தன. சென்னையில் நடந்த நீரிழிவு ஆய்வுத் தொகுதியிலிருந்து 1,500 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோதும், பாதிக்கு மேற்பட்டோருக்குக் குறைபாடு இருந்தது, சர்க்கரை உள்ளவர்களிடம் அது இன்னும் அதிகம். குறைவான வைட்டமின் டி, அதிகமான நோய் என்ற ஜோடி எங்கு பார்த்தாலும் கைகோத்தே நின்றது.

ஆனால் சேர்ந்து நிற்பதெல்லாம் காரணமாகிவிடாது. ஊரில் குடை விற்பனை கூடும் நாள்களில் தவளைச் சத்தமும் கூடும், குடைதான் தவளையைக் கத்த வைக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. தொப்பை உள்ளவர்களின் உடற்கொழுப்பு வைட்டமின் டி-யை உள்ளே இழுத்து அடைத்துக்கொள்கிறது, ரத்தத்தில் அளவு குறைகிறது. அதே தொப்பைதான் சர்க்கரையையும் கொதிப்பையும் கொண்டுவருகிறது. வெளியே நடமாடாமல் உட்கார்ந்தே இருப்பவருக்கு வெயிலும் கிடைக்காது, உடற்பயிற்சியும் இராது. நாள்பட்ட நோயாளி வீட்டை விட்டு வெளியே வருவதே அரிது. உடலில் அழற்சி இருந்தாலே ரத்தத்தில் வைட்டமின் டி அளவு இறங்கும் என்பதும் உண்டு. இத்தனை வழிகளில் நோயே குறைபாட்டை உண்டாக்கவோ, இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வரவோ முடியும். எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிய மிக நம்பகமான வழி, சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒரு கூட்டத்துக்கு வைட்டமினும் இன்னொரு கூட்டத்துக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து ஆண்டுக்கணக்கில் பொறுத்திருப்பதுதான்.

அப்படிப் பொறுத்திருந்தவர்களில் முதலில் சொல்லத்தக்கவர் அதே ராபர்ட் ஸ்கிராக். 1981-ல் ஊகத்தை முன்வைத்தவர், நியூசிலாந்தில் 5,110 பேரைச் சேர்த்து, மாதம் ஒரு லட்சம் யூனிட் வைட்டமின் டி கொடுத்துத் தன் ஊகத்தைத் தானே சோதித்தார். 2017-ல் முடிவு வந்தது. வைட்டமின் உண்டவர்களில் 100-க்கு 11.8 பேருக்கு இதயநோய், வெறும் மாத்திரை உண்டவர்களில் 11.5 பேருக்கு. வித்தியாசமே இல்லை. தன் பெயரோடு ஒட்டிப்போன ஒரு கருத்துக்கு எதிரான முடிவை அவர் மறைக்காமல் வெளியிட்டதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மருத்துவ ஆராய்ச்சியில் இது அடிக்கடி நடப்பதில்லை.

அடுத்தது அமெரிக்காவின் வைட்டல் ஆய்வு. பாஸ்டனிலுள்ள பிரிகம் மருத்துவமனையின் ஜோஆன் மேன்சன் தலைமையில் 25,871 பேர், தினம் 2,000 யூனிட், ஐந்து ஆண்டுக்கு மேல். மாரடைப்பும் குறையவில்லை, பக்கவாதமும் குறையவில்லை, புற்றுநோயும் குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் 21,315 முதியவர்களுக்கு மாதம் ஒரு 60,000 யூனிட் மாத்திரை கொடுத்த டி-ஹெல்த் ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. இதயநோய் 9 சதவீதம் குறைந்ததுபோலத் தெரிந்தது, ஆனால் அது தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவே. அதிலும் உயிரிழப்பு குறையவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு முதலிலேயே குறைபாடு இல்லை, வைட்டல் ஆய்வினரின் சராசரி 30-ஐ ஒட்டி இருந்தது. வயிறு நிறைந்தவருக்கு மேலும் சோறு போட்டால் என்ன பயன் என்று கேட்கலாம். நியூசிலாந்து ஆய்வில் கால்வாசிப் பேர் 20-க்குக் கீழே இருந்தார்கள், அவர்களுக்கும் பயன் தெரியவில்லை. 10-க்கும் கீழே கிடப்பவர்கள் இந்த மூன்றிலும் மிகக் குறைவு என்பதால், கடுமையான குறைபாட்டின் விஷயத்தில் கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. மரபணுக்களை வைத்துப் பார்க்கும் ஆய்வுகளும் பெரும்பாலும் கைவிரித்துவிட்டன. மிகக் குறைந்த அளவில் பயன் இருக்கிறது என்று 2021-ல் ஒரு பெரிய சர்வதேசக் குழு அறிவித்தது. கணக்கு முறையில் பிழை இருந்தது தெரிந்ததும் அந்தக் கட்டுரையையே திரும்பப் பெற்று, 2024-ல் பயன் இல்லை என்ற திருத்திய முடிவோடு வெளியிட்டது.

சர்க்கரை நோயில் மட்டும் நிலைமை சற்று வேறு. பார்டர் சுகர் என்று சொல்லப்படும் நிலையில் இருந்த 2,423 பேருக்கு அமெரிக்காவில் தினம் 4,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டரை ஆண்டில் வைட்டமின் உண்டவர்களில் 100-க்கு 24 பேருக்குச் சர்க்கரை வந்தது, உண்ணாதவர்களில் 27 பேருக்கு. தனியாக எடுத்தால் இது நிரூபணம் ஆகாது. நார்வேயிலும் ஜப்பானிலும் நடந்த இதே மாதிரியான ஆய்வுகளோடு சேர்த்து 2023-ல் கணக்கிட்டபோது, பார்டர் நிலையிலிருந்து முழுச் சர்க்கரைக்குப் போவது 15 சதவீதம் குறைந்தது. இதனால்தான் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலில் பார்டர் சுகர் உள்ளவர்கள் வைட்டமின் டி-யை உணவு, நடையோடு துணையாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த 15-ஐ எடைபோட தமிழ்நாட்டிலேயே ஒரு படிக்கல் இருக்கிறது. ஏ.ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில், பார்டர் நிலையில் இருந்த 531 பேரில் ஒரு பகுதியினரிடம் மாத்திரை எதுவும் கொடுக்காமல் நடை, அளவான சாப்பாடு என்ற இரண்டை மட்டும் தொடர்ந்து வற்புறுத்தினார்கள். மூன்று ஆண்டில் சர்க்கரை வருவது 28.5 சதவீதம் குறைந்தது. 2006-ல் வெளியான முடிவு அது. மாத்திரையைவிட நடையும் அளவான சாப்பாடும் ஏறத்தாழ இரண்டு மடங்கு பலன் தருகின்றன, காசும் கேட்பதில்லை. ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு 2023-ல் தந்த கணக்குப்படி நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 10.1 கோடி, பார்டரில் இருப்பவர்கள் 13.6 கோடி. இத்தனை பேருக்கும் மாத்திரை வாங்கித் தருவதைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்த ஒப்பீட்டை நினைவில் வைப்பது நல்லது.

வைட்டமின் டி-யே வேண்டாம் என்பது இதற்குப் பொருளல்ல. குறைபாடு கடுமையானால் குழந்தைகளுக்குக் கால் வளையும், பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகிவிடும். தரையில் உட்கார்ந்து எழும்போது தொடை இழுப்பது, மாடிப்படி ஏறத் தெம்பில்லாமல் போவது, இடுப்பிலும் விலாவிலும் விடாத வலி ஆகியவை அதன் அறிகுறிகள். முதியவர்கள், வீட்டை விட்டு வெளியே வராதவர்கள், சிறுநீரக நோயாளிகள், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டியவர்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது நாளுக்கு 600 யூனிட். மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மீன், முட்டை மஞ்சள் கரு, ஈரல் ஆகியவற்றில் கொஞ்சம் இருக்கிறது. சைவ உணவில் இயற்கையாகக் கிடைப்பது சொற்பமே. கூட்டல் குறியோடு எஃப் எழுத்து போட்ட பாக்கெட் பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் வரை சேர்க்கப்படுகிறது. ஒரு டம்ளரில் அது அற்பமாகத் தோன்றினாலும், வீட்டில் எல்லோரும் குடிக்கும் பால் என்பதால் வீணாகாது.

அளவு மீறும் ஆபத்தும் இருக்கிறது. நம் மருந்துக் கடைகளில் சீட்டு இல்லாமலே கிடைக்கிற அறுபதாயிரம் யூனிட் மாத்திரை, பவுடர் பாக்கெட் எல்லாம் வாரத்துக்கு ஒன்று என்று எட்டு வாரம் கொடுப்பதற்காக ஏற்பட்டவை. குறைபாடு உறுதியானவருக்கு அது சரி. முட்டிவலி குறைந்ததென்று ஆண்டுக்கணக்கில் தொடர்பவரும், தினம் ஒன்றாக விழுங்கிவிடுபவரும், ஆறு லட்சம் யூனிட் ஊசியை மாதாமாதம் போட்டுக்கொள்பவரும் மருத்துவமனைக்கு வருகிறார்கள். ரத்தத்தில் கால்சியம் எகிறி வாந்தி, ஓயாத தாகம், மலச்சிக்கல், குழப்பம் ஏற்பட்டு, சிறுநீரகம் பழுதாகும். காஷ்மீரின் ஸ்ரீநகர் மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளைப் பற்றி 2011-லேயே எழுதியிருக்கிறார்கள். வெயிலில் மட்டும் இந்த ஆபத்து இல்லை. தேவைக்கு மேல் உருவாவதை அதே வெயில் வேறு பொருள்களாகச் சிதைத்துவிடும். ஆனால் கத்திரி வெயில் காலத்தில் நண்பகலில் முதியவர்களை மாடியில் நிற்க வைப்பது வெப்ப மயக்கத்தில்தான் கொண்டுபோய் விடும். பத்து, பத்தரை மணி வாக்கில் கையையும் காலையும் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டினாலே போதும்.

வைட்டமின் டி பரிசோதனைக்குத் தனியார் ஆய்வகங்களில் ஆயிரம் ரூபாயைத் தொடும் கட்டணம் கேட்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய நாளிலிருந்து, ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் வீட்டு வாசலில் வந்து இலவசமாகப் பார்த்து, மாத்திரையும் தருகிறார்கள். இதயத்தைப் பற்றிக் கவலைப்படும் மேலூர்க்காரர் முதலில் அறிய வேண்டியது இந்த இரண்டு எண்களையும், அடுத்து கொழுப்பின் அளவையும்தான். புகையை நிறுத்துவதும் உப்பைக் குறைப்பதும் இவற்றோடு சேர வேண்டும். வைட்டமின் டி சீட்டில் வரும் எண்ணை எலும்புக்காகப் பாருங்கள், இதயத்துக்காகக் கொதிப்பையும் சர்க்கரையையும் பாருங்கள்.